மருந்துக் கிடங்கில் வேலை பார்த்த தாத்தா

கேள்வி: ஐயா, எங்கள் கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டிலிருந்து ஒப்பந்தக் கூலியாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்து, டண்டீ பக்கம் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1908இல் அவர் ஊருக்குப் போட்ட கடிதம் ஒன்று அங்கே உறவினர் வீட்டுப் பெட்டியில் கிடைத்தது என்று படம் எடுத்தும் தட்டச்சு செய்தும் அனுப்பினார்கள். எங்களுக்குத் தமிழ் பேசக் கொஞ்சம் வரும், படிக்க வராது. போனில் போட்டு மொழிபெயர்த்ததில் அவர் மருந்துக் கிடங்கில் வேலை பார்த்ததாக வந்தது. அதனால் சுரங்க ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலை என்று நினைத்துக்கொண்டு குடும்ப வரலாற்றிலும் அப்படியே எழுதிவிட்டோம். இப்போது தமிழ் வகுப்பு ஆசிரியை அது வெடிமருந்தாக இருக்கும் என்கிறார். எது சரி? வெடிக்கிற பொருளைப் போய் மருந்து என்று யாராவது சொல்வார்களா? (வகுப்புத் தோழி எழுதித் தருகிறார்.)
டண்டீ வாசகி

பதில்: உங்கள் ஆசிரியை சொன்னதுதான் சரி, அம்மா. கடிதத்தின் படத்தையும் நீங்கள் அனுப்பியிருந்ததால் ஒரு சாயங்காலம் முழுக்க அதோடுதான் உட்கார்ந்திருந்தேன். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காத பழைய கை, ஆனால் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. "இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுத வேண்டியது, நிற்க" என்று அந்தக் காலத்து முறைப்படி தொடங்கி, மாட்டைப் பற்றியும் தங்கை கல்யாணத்தைப் பற்றியும் விசாரித்துவிட்டுப் பிறகுதான் தன் வேலைக்கு வருகிறார். வாசகர்களுக்காக அந்த நாலு வரியை மட்டும் இங்கே தருகிறேன்:

"நான் இப்போ கெடங்குக் காவல். மருந்துக் கெடங்கிலே சுருட்டும் தீப்பெட்டியும் கொண்டு போகப்படாது. ஆணி அடிச்ச பூட்ஸோடே போனால் அபராதம். மழையிலே கறுப்பு மருந்து நமுத்துப் போனால் துரை ஏசுவான். குச்சி மருந்து எண்ணிக் குடுக்கிற அன்னைக்கு மண்டையிடி தாங்கவில்லை."

இதில் ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது? ஆஸ்பத்திரி என்றால் அவர் ஆஸ்பத்திரி என்றே எழுதியிருப்பார், அந்தச் சொல் அப்போதே நம் ஜனங்கள் வாயில் சரளமாக இருந்தது. சுருட்டுக்குத் தடை இருப்பதை விடுங்கள், பூட்ஸைப் பாருங்கள். இரும்பு ஆணி கல் தரையில் உரசினால் பொறி பறக்கும், வெடிமருந்து வைத்திருக்கிற அறையில் ஒரு பொறி போதும், அதனால்தான் உலகம் முழுக்க வெடிமருந்துக் கிடங்குகளில் ஆணி அடித்த செருப்புக்கும் பூட்ஸுக்கும் தடை உண்டு. இருமல் மருந்து வைத்திருக்கிற அறைக்கு அப்படி ஒரு சட்டம் யார் போடப் போகிறார்கள்?

நமுத்துப் போவதும் அப்படியே. "மருந்து நமுத்துப் போச்சு" என்ற பேச்சைத் தீபாவளிக்கு மறுநாள் கேட்காத தமிழ் வீடு இல்லை. ஈரம் பட்ட வெடி புஸ்ஸென்று போய்விட்டால் பிள்ளைகள் சொல்வது அதைத்தான். அவர் சொல்லும் கறுப்பு மருந்து என்பது கருமருந்து, அதாவது வெடியுப்பும் கந்தகமும் மரக்கரியும் சேர்ந்த பழைய வெடிமருந்து. கரி உள்ளே இருப்பதால் நிறம் கறுப்பு. குச்சி மருந்து என்பது குச்சி குச்சியாகக் காகிதம் சுற்றி வருகிற டைனமைட் வகை. அந்தக் கடைசி வரியைப் படித்ததும்தான் எனக்கு எல்லாச் சந்தேகமும் தீர்ந்தது. டைனமைட்டில் இருக்கிற நைட்ரோகிளிசரின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகும், போனால் ரத்தக் குழாய்கள் விரிந்து மண்டை பிளக்கிற மாதிரி வலிக்கும். டைனமைட் தொழிற்சாலைகளில் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்கு வருகிறவர்களுக்கு இந்த வலி ரொம்ப மோசமாக இருக்கும், வாரம் முழுக்க அதிலேயே இருந்தால் உடம்பு பழகிவிடும், விடுப்பு எடுத்தால் பழக்கம் விட்டுப்போகும். உங்கள் தாத்தாவுக்கு எண்ணிக் கொடுக்கிற நாளில் மட்டும் வந்தது என்றால் அவர் தினமும் அதைத் தொடவில்லை என்று அர்த்தம். நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு மனிதர் தன் தலைவலியை எழுதி வைத்ததால் அவர் கையில் இருந்தது என்ன பொருள் என்று இன்றைக்கு நாம் சொல்ல முடிகிறது.

சரி, ஏன் மருந்து என்றார்கள்? மருந்து என்றால் உடம்பைக் குணமாக்குவது, அவ்வளவுதான் என்று நாம் நினைப்பதால்தான் இந்தக் கேள்வியே வருகிறது. நம் பேச்சையே கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். எலி மருந்து என்கிறோம், அது எலியைக் குணமாக்கவா? கரும்புக்குப் பூச்சி மருந்து அடிக்கிறோம். "அவன் மருந்தைக் குடிச்சிட்டான்" என்று ஊரில் யாராவது பதறிக்கொண்டு வந்தால் அவன் குடித்தது விஷம் என்று சொல்லாமலே புரிகிறது. மாப்பிள்ளை மாமியார் வீட்டுப் பேச்சையே கேட்கிறான் என்றால் "மருந்து வச்சிட்டாங்க" என்பார்கள், அதற்கு இடுமருந்து என்று தனிப் பெயரே உண்டு. இன்னொரு பக்கம் பார்த்தால், சாகாமல் காப்பாற்றுகிற அமுதத்துக்கும் பழைய தமிழில் மருந்து என்றுதான் பெயர், விருந்தைப் பற்றிச் சொல்ல வந்த வள்ளுவர் அதைத்தான் சாவா மருந்து என்கிறார். ஆக அமுதமும் மருந்து, நஞ்சும் மருந்து. இடித்தோ அரைத்தோ கலந்தோ செய்த, கொஞ்சமே ஆனாலும் உள்ளே போனால் வேலையைக் காட்டுகிற எதுவும் தமிழனுக்கு மருந்துதான். மருந்துக்குக்கூட இல்லை என்று சொல்கிறோமே, அந்தக் கொஞ்சம் என்ற பொருளும் இதிலிருந்து வந்ததுதான்.

இப்போது வெடிமருந்துக்கு வாருங்கள். வெடியுப்பும் கந்தகமும் வைத்தியர் வீட்டு அலமாரியில் இருக்கிற சரக்குகள். சித்த மருத்துவத்தில் இரண்டையும் சுத்தி செய்து பயன்படுத்துவார்கள். வைத்தியர் செய்கிற அதே இடிப்பும் சலிப்பும் கலப்பும்தான் இங்கேயும். துப்பாக்கிக் குழலில் அதைப் போட்டு மருந்து கெட்டித்தார்கள், மலையில் துளை போட்டு மருந்து திணித்தார்கள். வேறு என்ன பெயர் வைத்திருக்க முடியும்?

இதை எழுதுகிறபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷம் தருகிற விஷயம், நாம் மட்டும் இப்படிச் சொல்லவில்லை என்பது. நம் டர்பன் தெலுங்குக்காரர்களைக் கேளுங்கள், அவர்களுக்கு மந்து என்றால் மருந்தும் வெடிமருந்தும். கன்னடத்தில் மத்து, அப்படியே. மலையாளத்தில் வெடிமருந்நு. உருது, மராத்தி பக்கம் போனால் தாரு என்ற சொல்லுக்கு வெடிமருந்து என்ற பொருள் இருந்தது. பாரசீகத்தில் அதற்கு மருந்து என்று பொருள், பிறகுதான் சாராயத்துக்குப் பெயராகிப் போனது. சீனர்கள்தான் வெடிமருந்தைக் கண்டுபிடித்தவர்கள், 9ஆம் நூற்றாண்டு வாக்கில். அவர்கள் வைத்த பெயர் ஹுவோ யாவ், அதாவது நெருப்பு மருந்து. கண்டுபிடித்தவர்கள் யார் தெரியுமா? சாகாமல் இருக்க மருந்து தேடிய ரசவாதிகள். நாம் சாவா மருந்து என்று சொன்னதை அங்கே அடுப்பில் வைத்துத் தேடிக்கொண்டிருந்தார்கள், கையில் கிடைத்தது இது. 1044இல் முடித்த ஒரு சீனப் போர்க்கலை நூலில் அதன் கலவை முறை எழுத்திலேயே வந்துவிட்டது.

இன்னும் கிட்டத்தில் வாருங்கள். நம் பக்கத்து வீட்டு ஆப்பிரிக்கான்ஸ்காரர் வெடிமருந்தை என்ன சொல்கிறார்? க்ரெய்ட். அது டச்சிலிருந்து வந்தது. டச்சு மொழியில் மூலிகைக்கும் க்ரெய்ட், வெடிமருந்துக்கும் க்ரெய்ட், உச்சரிப்பு ஒன்றேதான், எழுதும்போது கடைசி எழுத்து மட்டும் வேறு. ஸ்டெல்லன்போஷில் டச்சுக் கம்பெனிக்காரர்கள் 1777இல் கட்டிய வெள்ளைச் சுவர்க் கட்டடம் ஒன்று இன்னும் இருக்கிறது, பெயர் க்ரெய்ட்ஹெய்ஸ். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிற நம் ஆட்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெயரைத் தமிழில் சொன்னால் உங்கள் தாத்தா எழுதிய அதே சொல்தான் வருகிறது: மருந்துக் கிடங்கு.

குடும்ப வரலாற்றைத் திருத்தி எழுதுங்கள். ஆஸ்பத்திரி வேலை கௌரவம், இது குறைவு என்று வீட்டில் யாரும் நினைக்க வேண்டாம். நிலத்துக்கு அடியில் இறங்கிக் கரி வெட்டுகிற அத்தனை பேர் உயிரும் அந்தக் கிடங்குச் சாவி இருக்கிறவன் கையில் இருந்தது. நிலக்கரிச் சுரங்கத்தில் எரிவாயு சேரும், எவ்வளவு மருந்து எந்த நாளில் யாரிடம் போகிறது என்பதில் தப்பு நடந்தால் மேலே திரும்பி வருகிற ஆள் இருக்க மாட்டான். ஒப்பந்தக் கூலியாக வந்த ஒருவரை நம்பி அந்தச் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள். அதை நீங்கள் பெரிய எழுத்தில் எழுதலாம்.

கேள்வி: நான் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். வெடிமருந்து, வெடிபொருள், வெடிகுண்டு, டைனமைட், வேட்டு, தோட்டா எல்லாவற்றையும் பத்திரிகைகள் மாற்றி மாற்றி எழுதுகின்றன. பிள்ளைகளுக்கு எதை எங்கே என்று சொல்லித் தருவது? டைனமைட்டுக்குத் தமிழ்ச் சொல் உண்டா?
சாட்ஸ்வொர்த் வாசகர்

பதில்: வெடிபொருள் என்பதைப் பொதுப்பெயராக வைத்துக்கொள்ளுங்கள். வெடிக்கிற எந்தப் பொருளும் அதில் அடங்கும், சட்டத்துக்கும் செய்திக்கும் அதுதான் பொருத்தம். இந்த நாட்டின் 1956ஆம் வருடச் சட்டத்தை எழுதும்போது வெடிபொருள் சட்டம் என்றே எழுதுங்கள். வெடிமருந்து என்று எழுதினால் பட்டாசு மருந்து மட்டும்தான் என்று ஆள் நினைத்துக்கொள்வான். வெடிமருந்து என்பது சரியாகப் பார்த்தால் திணிக்கிற, கெட்டிக்கிற அந்தத் தூள். கதையிலும் பேச்சிலும் தாராளமாக எல்லாவற்றுக்கும் சொல்லலாம், வேலு நாச்சியார் காலத்துக் குயிலி மருந்துக் கிடங்கில் பாய்ந்த கதையை வாய்மொழியாகச் சொல்கிறவர்கள் வெடிபொருள் என்றா சொல்வார்கள்? வெடிகுண்டு பொருளின் பெயர் கிடையாது, செய்து முடித்த கருவியின் பெயர். "பையில் வெடிகுண்டு மருந்து இருந்தது" என்று ஒரு செய்தியில் படித்தேன், அதைப் படிக்கிறவருக்குக் குண்டு இருந்ததா, தூள் இருந்ததா என்று எப்படித் தெரியும்? ஒரு தெருவையே காலி செய்ய வைக்கிற செய்தியில் இந்தக் குழப்பம் கூடாது.

வேட்டு என்பது சத்தத்தோடு சேர்ந்த சொல். கோயில் திருவிழாவில் அதிர்வேட்டு, கல் உடைக்கிற இடத்தில் வேட்டு வைக்கிறது. அடுத்தவன் காரியத்தைக் கெடுத்தால் "வேட்டு வச்சிட்டான்" என்பதும் அங்கிருந்து வந்ததுதான். தோட்டா துப்பாக்கிக்குப் போடுவது, கல்குவாரிக்காரர்கள் குச்சியையும் அப்படிச் சொல்வார்கள். அதைத் தூண்டிவிடுகிற சின்ன உலோகக் குழலுக்கு அவர்கள் வாயில் கேப்பு என்றுதான் பெயர், அதற்குப் புதிதாகச் சொல் உண்டாக்கி யாருக்கும் புரியாமல் செய்ய வேண்டாம்.

டைனமைட்டை டைனமைட் என்றே விட்டுவிடுங்கள். ஆல்ஃபிரட் நோபல் 1867இல் காப்புரிமை வாங்கியபோது தானே தேர்ந்தெடுத்து வைத்த பெயர் அது, கிரேக்கத்தில் ஆற்றல் என்று பொருள்படும் சொல்லிலிருந்து எடுத்தார். தொட்டாலே வெடிக்கிற நைட்ரோகிளிசரினை ஒரு வகை மண்ணில் ஊற வைத்து, கையில் எடுத்துப் போகிற அளவுக்கு அடக்கினார். பெயர் ஒரு தனிப் பொருளுடையது, வேறு எதற்கும் சூட்டக் கூடாது. இன்றைக்குச் சுரங்கங்களில் பெரும்பாலும் பயன்படுவது அமோனியம் நைட்ரேட்டை வைத்துச் செய்கிற வெடிபொருள்கள், அவற்றை டைனமைட் என்று எழுதுவது தப்பு. நம் தாத்தாக்கள் காலத்துக்கு அந்தச் சொல் சரி. கேப் டவுன் பக்கம் சாமர்செட் வெஸ்ட்டில் டி பியர்ஸ் என்ற வைரச் சுரங்கக் கம்பெனி கட்டிய டைனமைட் ஆலை 1903இல் ஓடத் தொடங்கியது, ஜோகன்னஸ்பர்க் பக்கம் மாடர்ஃபொன்டைனில் 1896இலேயே ஒன்று வந்துவிட்டது, நம் டர்பனுக்குத் தெற்கே உம்போகின்ட்வினியிலும் அடுத்து ஒன்று. 1940களிலிருந்து பல வருடம் உலகத்திலேயே அதிகமாக டைனமைட் செய்த நாடு இதுதான். பெரும்பகுதி தங்கத்துக்காக.

பிள்ளைகள் ஒன்றைக் கட்டாயம் கேட்பார்கள்: வெடிமருந்து, டைனமைட் இரண்டும் வெடிக்கத்தானே செய்கிறது, பெயர் மாறினால் என்ன? அதற்கு நான் சொல்கிற பதில் இது. சின்ன வயதில், தீபாவளி முடிந்து மழையும் வந்த பிறகு, நமுத்த வெடிகளைப் பிரித்து மருந்தைப் பழைய செய்தித்தாளில் கொட்டி அண்ணன் பற்ற வைத்தான். சத்தமே இல்லை. புஸ்ஸென்று ஒரு வெள்ளைப் புகை, மஞ்சள் வெளிச்சம், முடிந்தது. அண்ணனுடைய புருவம் பாதி போய்விட்டது, வாரக்கணக்கில் பள்ளிக்கூடத்துக்கு அப்படியே போனான், இன்னும் கொஞ்சம் கிட்டப் போயிருந்தால் கண் போயிருக்கும் என்று அம்மா அழுததை மறக்கவில்லை. பிள்ளைகளை இதைச் செய்ய விடாதீர்கள். ஆனால் அன்றைக்குப் பார்த்தது என்னவென்றால், அதே மருந்து காகிதத்துக்குள் இறுக்கிச் சுற்றியிருந்தபோது வெடித்தது, திறந்து கொட்டியபோது எரிந்தது. கருமருந்து அடிப்படையில் எரிகிற பொருள், அதை அடைத்து வைத்தால் புகை வெளியே போக வழியில்லாமல் உடைத்துக்கொண்டு போகிறது. டைனமைட் அப்படியில்லை. அது அடைத்திருந்தாலும் திறந்திருந்தாலும், ஒரு சரியான அதிர்ச்சி பட்டால் ஒலியைவிட வேகமாக ஓடுகிற அலையாக வெடிக்கிறது. ஒன்று நெருப்புக்குப் பயப்பட வேண்டிய பொருள், இன்னொன்று நெருப்புக்கும் பயப்பட வேண்டும், மோதி இடிபடுவதற்கும் பயப்பட வேண்டும்.

இந்த வித்தியாசத்தை இந்த நாடு 1896 பிப்ரவரி 19 அன்று ஜோகன்னஸ்பர்க்கின் பிராம்ஃபொன்டைனில் பார்த்தது. டைனமைட் ஏற்றிய ரயில் பெட்டிகளை இறக்க ஆளில்லாமல் மூன்று நாளுக்கு மேல் கோடை வெயிலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். வெயிலில் டைனமைட் வியர்க்கும், அதாவது உள்ளே ஊறியிருக்கிற நைட்ரோகிளிசரின் வெளியே கசியும், கசிந்துவிட்டால் பழையபடி தொட்டால் வெடிக்கிற சரக்கு. பெட்டிகளை நகர்த்த வந்த எஞ்சின் இடித்தது. தீக்குச்சி இல்லை, சுருட்டு இல்லை, ஒரு இடிதான். 60 மீட்டர் நீளத்துக்கு, 8 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தது, 70 பேருக்கு மேல் செத்தார்கள், பக்கத்துக் குடியிருப்புகளில் இருந்த ஏழை ஜனங்கள்தான் அதிகம். அந்த ரயிலில் கருமருந்து இருந்திருந்தால் அதை வெயிலிலும் இடியிலும் காப்பாற்றுகிற முறை வேறு. பெயரைச் சரியாக எழுது என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிற பெயரைப் பார்த்துத்தான் அதை வெயிலில் வைக்கலாமா என்று ஒருவன் முடிவு செய்கிறான்.

கேள்வி: பட்டாசு, மத்தாப்பு, வாணம் இவை தமிழ்ச் சொற்களா?
டோங்காட் வாசகர்

பதில்: வாணம் அம்பு என்று பொருள்படும் பாணத்திலிருந்து வந்தது, வடசொல் வழி. வானத்துக்குப் போவதால் வானம் என்று எழுதுகிறார்கள் சிலர், மூன்று சுழி ணகரம்தான் சரி. மத்தாப்பு பாரசீகத்து மஹ்தாப், நிலா வெளிச்சம் என்று பொருள், எவ்வளவு அழகாக வைத்திருக்கிறார்கள் பாருங்கள். பட்டாசும் வடக்கேயிருந்து வந்ததுதான். வெடி மட்டும் நம்முடையது. எல்லாமே நம் நாக்கில் பழகிப் பல தலைமுறை ஆகிவிட்டது, எதையும் ஒதுக்க வேண்டியதில்லை. ஆப்பிரிக்கான்ஸில் பட்டாசுக்குக் கிளாப்பர் என்பார்கள், தேங்காய்க்கும் அதே சொல்தான், கடையில் கேட்கும்போது பார்த்துக் கேளுங்கள். 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பட்டாசு விற்க இந்த நாட்டில் தடை, அதனால் பேரனைத் தனியாகக் கடைக்கு அனுப்ப வேண்டாம்.

கேள்வி: என் ஆயாவுக்கு நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அட்டையில் நைட்ரோகிளிசரின் என்று இருக்கிறது. பள்ளியில் அது டைனமைட்டில் இருப்பது என்று படித்தேன். ஆயாவிடம் சொன்னதிலிருந்து மாத்திரையைத் தொடவே பயப்படுகிறார். வெடிக்குமா?
ஃபீனிக்ஸ் மாணவி

பதில்: வெடிக்காது. ஆயாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், மற்ற வரியெல்லாம் பிறகு படிக்கலாம். மாத்திரையில் இருப்பது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு, அதுவும் வேறு பொருளோடு கலந்து அடங்கிக் கிடக்கிறது. கீழே போட்டாலும் கடித்தாலும் ஒன்றும் ஆகாது.

நீங்கள் படித்ததும் சரிதான், இரண்டும் ஒரே பொருள். 1847இல் இத்தாலியில் அஸ்கானியோ சொப்ரேரோ என்ற வேதியியலாளர் அதை முதலில் செய்தபோது துளியூண்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் பயங்கரத் தலைவலி வந்ததென்று குறித்து வைத்தார். ரத்தக் குழாயை விரிக்கிற பொருள் என்றால், நெஞ்சில் ரத்தக் குழாய் சுருங்கி வலிக்கிறவர்களுக்கு உதவுமே என்று பிறகு மருத்துவர்களுக்குத் தோன்றியது. லண்டனில் வில்லியம் முரல் என்ற மருத்துவர் 1879இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். கடைசியில் நோபலுக்கே நெஞ்சு வலி வந்தது. டைனமைட்டால் பணக்காரரான அவருக்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தது நைட்ரோகிளிசரின். விதி விளையாடுகிறது பார், கடைக்காரரும் ஜனங்களும் பயப்படாமல் இருக்க டிரைனிட்ரின் என்று பெயரை மாற்றிச் சொல்கிறார்கள் என்று 1896 அக்டோபரில் ஒரு கடிதத்தில் எழுதினார், டிசம்பர் 10 அன்று இறந்துபோனார். அது எப்படி ரத்தக் குழாயை விரிக்கிறது என்பது நூறு வருடம் கழித்துத்தான் தெளிவானது. உடம்புக்குள் போய் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவாக மாறுகிறது, அந்த வாயு குழாய்ச் சுவரைத் தளர்த்துகிறது. இந்த வாயு உடம்பில் செய்கிற வேலையைக் கண்டறிந்த மூன்று பேருக்கு 1998இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. நோபல் பெயரில், நோபல் பணத்தில்.

இந்தப் பக்கத்தின் முதல் கேள்வியில் டண்டீ அம்மா வெடிக்கிறதைப் போய் மருந்து என்பார்களா என்று கேட்டாரே, உங்கள் ஆயாவின் கைப்பையில் இருக்கிறது பாருங்கள், அது இரண்டு பொருளிலும் மருந்து.

ஆயாவை உட்கார்ந்துகொண்டு மாத்திரை வைக்கச் சொல்லுங்கள், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கினால் நிற்கிறவர்களுக்குத் தலை சுற்றி விழ வாய்ப்புண்டு. கண்ணாடிச் சீசாவில் வந்திருந்தால் அந்தச் சீசாவிலேயே மூடி இறுக்கி வைத்திருங்கள், வேறு டப்பாவுக்கு மாற்றினால் மருந்து ஆவியாகி வீரியம் போய்விடும். எத்தனை மாத்திரை, வலி நிற்காவிட்டால் எப்போது ஆம்புலன்ஸுக்குக் கூப்பிடுவது என்பதை மருத்துவரிடம் கேட்டு ஒரு காகிதத்தில் தமிழில் பெரிதாக எழுதி ஆயா படுக்கைக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். மாத்திரை வைத்த பிறகு கொஞ்ச நேரம் தலை விண் விண்ணென்று தெறிக்கும், அதற்கும் பயப்பட வேண்டாம், மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். டண்டீ தாத்தாவுக்குக் குச்சி மருந்து எண்ணிய நாளில் வந்ததும் அதே மண்டையிடிதான்.